ஒன்பது அடிப் பலகை

ஜூன் 4

அன்புள்ள மகளுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் உன் அம்மா சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் அது இன்னும் நாலு முழம் நீண்டுவிடும்.

கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வைக்க நகராட்சியில் அனுமதி கேட்கப் போயிருந்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு, மாடியில் இடது பக்க அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் வலது பக்க அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். முப்பது பேர் இருந்தார்கள். ஊரில் இத்தனை பேருக்குப் பலகைக் கஷ்டமா என்று மனசுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. என் முறை வந்ததும் எழுந்து நின்று, வீட்டில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "ஐயா, பதினோரு வருஷமா வாசல்ல நிக்குது. யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது. இப்போ அது மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கு, வர்றவங்களுக்குப் பின்பக்கம்தான் தெரியுது. கொஞ்சம் தெருப்பக்கம் நீட்டி நிக்க அனுமதிச்சாப் போதும்."

அதிகாரி தலை நிமிராமல், "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார்.

"நாலு ஆணி போட்டிருக்கேங்க. ரெண்டு துருப்பிடிச்சுப் போச்சு" என்றேன்.

அது நாய் வளர்ப்பவர்கள் பதிவு செய்கிற அறை. என்னைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு அம்மாள் எழுந்தே விட்டார்.

சரி, சிரித்து முடித்திருப்பாய். போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, எழுதினால் படிக்கிறேன் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு இது தண்டனைதான். ஆனால் உன் அம்மா உன்னோடு பேச போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அந்தக் கதவுக்கு வெளியே ஒரு பூட்டுக்காரன் நிற்பதைவிட இது மரியாதை.

விஷயம் இதுதான். மார்ச் மாதம் நம் தெருவை ஒருவழிப்பாதை ஆக்கிவிட்டார்கள். முன்பு பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் தூரத்திலேயே 'சாவிக்காரர் கடை' கண்ணில் படும். இப்போது வண்டியெல்லாம் பூங்காப் பக்கமிருந்து வருகின்றன. அவர்களுக்குத் தெரிவது என் பலகையின் தகர முதுகு. திருப்பி அடிக்கலாமே என்பாய். பக்கத்து மருந்துக்கடைக்காரர் போட்ட புதுக் கண்ணாடி முகப்பு மூன்றடி வெளியே வந்து மறைக்கிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேர் வந்த கடைக்கு இப்போது மூன்று பேர் வருகிறார்கள். அதில் ஒருவர் மருந்துக்கடைக்கு வழி கேட்கிறவர். இப்படியே போனால் செப்டம்பருக்கு மேல் கடை வாடகை கட்ட முடியாது.

அதனால் தெருப்பக்கம் நீட்டி நிற்கிற, இரண்டு பக்கமும் எழுத்துள்ள பலகை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீளம் ஒன்பது அடி. குடியிருப்புத் தெருவில் அது விதிக்குள் வராதாம், தனியாக விதிவிலக்கு வாங்க வேண்டுமாம். ஏன் வேண்டும் என்று எழுதப் படிவத்தில் கால் பக்கம் இடம் விட்டிருக்கிறார்கள். நான் எழுதியது மூன்று பக்கம் வந்தது. நாலாம் கவுன்டர் அம்மாள் அதைத் திருப்பிக் கொடுத்து, சுருக்கி எழுதச் சொன்னார். கடைப் படிவங்களையெல்லாம் நீதான் எழுதுவாய். படிவத்தின் முதல் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். என்ன எழுதலாம் என்று சொல்.

அப்பா


ஜூன் 15

அப்பா,

கடிதம் வந்தது. இங்கே என் அறையில் இருக்கிற பெண்ணுக்கு நாய்க் கதையைப் படித்துக் காட்டினேன். ஆணி இடத்தில் அவளுக்குப் புரை ஏறிவிட்டது.

படிவத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்று விளங்கவில்லை. கீழே பொடி எழுத்தில் இருப்பதை நீங்கள் படித்தீர்களா? ஆறடி வரைக்கும் நீட்டுப் பலகைக்கு விதிவிலக்கே தேவையில்லை என்று போட்டிருக்கிறது. கட்டணம் கட்டிவிட்டு அடுத்த நாளே மாட்டலாம். 'சாவிக்காரர் கடை' என்ற இரண்டு சொல்லுக்கு ஆறடி தாராளம். நீங்கள் ஏன் ஒன்பது கேட்கிறீர்கள்? பலகையில் அப்படி என்னதான் எழுதப் போகிறீர்கள்? ராமாயணமா?

இரண்டாம் பக்கத்தை அனுப்பவில்லை. பலகை வாசகம் அதில்தான் இருக்கும். மறந்துவிட்டீர்களா, இல்லை மறந்த மாதிரியா? அம்மாவிடம் கேட்டேன். "அதை உங்க அப்பாகிட்டயே கேளு, என்னை இழுக்காதே" என்று போனை வைத்துவிட்டாள். அம்மா ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. அதனால் பயமாக இருக்கிறது.

என் வேலை எப்போதும்போலத்தான். இந்த ஹோட்டலின் இருநூற்றுப் பன்னிரண்டு அறைக்கும் அட்டை காட்டினால் திறக்கிற பூட்டு. விருந்தாளிகள் அட்டையைச் சட்டையோடு துவைத்துவிட்டு வந்து பூட்டு கெட்டுவிட்டது என்கிறார்கள்.

காரணம் எழுத வேண்டிய கால் பக்கத்துக்கு: தெருவை ஒருவழியாக மாற்றியதால் பலகை தெரியவில்லை, வியாபாரம் குறைந்துவிட்டது. இவ்வளவு போதும். உங்கள் முழங்கால் வலியை எல்லாம் எழுத வேண்டாம்.

மகள்


ஜூன் 27

அன்புள்ள மகளுக்கு,

முழங்கால் வலியை எழுதியிருந்தேன் என்று உனக்கு யார் சொன்னது? அடித்துவிட்டேன்.

ஏன் ஒன்பது அடி என்று கேட்டிருந்தாய். நானும் பல வகையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி ஓடுகிற தெருவில் எழுத்து ஒரு சாண் உயரத்துக்குக் குறையக் கூடாதாம், ஓட்டுகிறவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தால் எங்காவது மோதிவிடுவார்களாம். அதனால் எழுத்தைச் சின்னதாக்க முடியாது. இரண்டு வரியாக எழுதலாம் என்றால் பலகையின் உயரம் ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது, மேல் வீட்டு டீச்சர் ஜன்னலில் இடிக்கும். எனவே ஒரே வரி, பெரிய எழுத்து, ஒன்பது அடி. நாலாம் கவுன்டர் அம்மாளும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதான். ஆனா நீங்க எதுக்கு இவ்ளோ கஷ்டப்படறீங்கன்னுதான் எனக்குப் புரியலை" என்றார். எனக்கும் சில சமயம் புரிவதில்லை என்றேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

இப்போது இன்னொரு சிக்கல். கடைக்காரரைத் தவிர வேறு ஒருவரையும் பலகையில் குறிப்பிட்டால், அந்த ஆளின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். போன வருடம் யாரோ ஒரு பல் டாக்டர், செத்துப்போன டாக்டர் ஒருவரைப் பலகையில் வைத்துக்கொண்டு ஏமாற்றினாராம், அதிலிருந்து இந்த விதி. எனக்கு இது முன்னாடியே தெரிந்திருந்தால் உன்னைத் தொந்தரவு செய்யாமல் ஏதாவது செய்திருப்பேன். என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே.

அந்த ஆள் நீதான்.

இரண்டாம் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஏழாவது வரியைப் பார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.

இங்கே மழை இல்லை. உன் அம்மாவுக்கு என்னோடு பேச்சு இல்லை, இருந்தாலும் சோறு போடுகிறாள்.

அப்பா


ஜூலை 9

அப்பா,

ஏழாவது வரியைப் பார்த்தேன். 'சாவிக்காரரும் மகளும்.'

பத்து நாள் இந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். பதில் எழுத உட்கார்ந்தால் கோபம் வருகிறது. கோபமாக எழுதினால் அழுகை வருகிறது. இரண்டும் இல்லாத நேரம் பார்த்து இதை எழுதுகிறேன், அதுவும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை.

நான் ஆறு வருடம் அந்தக் கடையில் வேலை பார்த்தேன். நகைக்கடைப் பெட்டகத்தை ஏழு மணி நேரம் காது வைத்துக் கேட்டுக் கேட்டுத் திறந்தது நான். முதலாளி வந்து, "யார் திறந்தது?" என்றபோது, "நம்ம கைராசிங்க" என்று நீங்கள் கையை நீட்டிக் காட்டினீர்கள். அவர் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் விரலில் ரத்தக்கட்டு. நான் டீ வாங்கிவரப் போனேன்.

அதைக்கூட விட்டுவிடலாம். பழைய பலகைக்கு மறுபடி வண்ணம் அடித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பெயின்டர் ஏணிமேல் நிற்கிறார். நான் கீழே நின்று, "என்னையும் போடுங்களேன்ப்பா" என்றேன். விளையாட்டாகக் கேட்ட மாதிரிதான் கேட்டேன், விளையாட்டு இல்லை. நீங்கள் பெயின்டரைப் பார்த்துச் சிரித்தீர்கள். "பலகையில இடம் ஏதும்மா? நாளைக்கு நீ கல்யாணம் ஆகிப் போயிட்டா யாரு ஏறி அழிக்கிறது?" பெயின்டர் சிரித்தார். பூட்டு வாங்க வந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, நானும் சிரித்தது.

இங்கே என் சட்டையில் என் பெயரை நூலால் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெயரைப் போட அவர்களிடம் யாரும் இடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

நான் போய் இரண்டு வருடம் கழித்து என்னைப் பலகையில் ஏற்றுகிறீர்கள். இது என்ன அப்பா? என்னைத் திரும்ப வரவழைக்கிற தந்திரமா? போனில் ஒவ்வொரு தடவையும் எப்போ வர்றே, எப்போ வர்றே என்றீர்கள், அது பலிக்கவில்லை, இப்போது பலகையா? இல்லை, பொம்பளை பெயர் இருந்தால் ஆள் வருவார்கள் என்று யாராவது சொன்னார்களா? எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

நான் கணக்குப் போட்டுவிட்டேன். 'மகளும்' என்பதை எடுத்துவிட்டால் பலகை ஆறடிக்குள் அடங்கிவிடும். விதிவிலக்கும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம், என் கையெழுத்தும் வேண்டாம். எடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போடாமல் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

மகள்


ஜூலை 24

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அப்போது சாவி வெட்ட வந்த ஒருவருக்கு, அலமாரிச் சாவியைக் கேட்டவருக்கு, சைக்கிள் சாவி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தந்திரம் இல்லை. அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். தந்திரம் செய்கிற மூளை இருந்தால் நாய்க் கூட்டத்தில் போய் ஏன் பேசுகிறேன்?

மற்றதற்குப் பதில் எழுதப் பார்த்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன், அது எனக்குச் சுலபம்.

விசாரணை பதினேழாம் தேதி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை, காரணம் நான்தான். விசாரணைக்கு முன்னால் பதினாலு நாள், இன்ன கடைக்காரர் இன்ன பலகை கேட்கிறார், ஆட்சேபம் உள்ளவர்கள் வரலாம் என்று ஒரு அறிவிப்பைத் தெருவில் தெரிகிற மாதிரி ஒட்டிவைக்க வேண்டும். மஞ்சள் காகிதம் கொடுத்தார்கள். நானும் பொறுப்பாக, நல்ல பசை காய்ச்சி, நாலு மூலையும் தேய்த்து, கடையின் பழைய பலகைமேல் ஒட்டினேன். பதினாலு நாளும் காலையில் அதைத் துடைத்தேன். பதினைந்தாம் நாள் நகராட்சி ஆள் பார்வையிட வந்தார். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, "அறிவிப்பு எங்கேங்க?" என்றார். காட்டினேன். அவர் பலகையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பலகை யார் கண்ணுலயும் படலைன்னுதானே நீங்க புதுசு கேக்கறீங்க? அதுலயே போய் ஒட்டியிருக்கீங்களே?"

மேல் வீட்டு டீச்சரும் அறிவிப்பைப் பார்க்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரணை ஆகஸ்ட் பதினாறுக்குத் தள்ளிப்போய்விட்டது. மஞ்சள் காகிதத்தை இப்போது மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். அவர் சம்மதித்தார். சம்மதித்துவிட்டு, சாமான் வைக்க அவருக்கு ஒரு இடம் தேவைப்படுகிறது என்றும், செப்டம்பர் முடிவதற்குள் நான் கடையைக் காலி செய்கிறதாக இருந்தால் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்தான். கடைக்குள் நின்று சுவரைச் சாணால் அளந்துகொண்டே பேசினார்.

நாலாம் கவுன்டர் அம்மாள் உன்னைப் போலவே சொன்னார். "அந்த ஒரு வார்த்தையை எடுத்துடுங்க. நாளைக்கே முத்திரை குத்தித் தர்றேன். உங்க பொண்ணும் வேணாங்குது. அப்புறம் யாருக்காக?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு எதுவும் இல்லை என்று அவருக்கும் தெரியும். பேனாவை என் பக்கம் தள்ளி வைத்தார். ஒரு கோடு இழுத்தால் முடிந்தது. நான் பேனாவை எடுத்தேன், மூடியைத் திறந்தேன், மூடி, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு மேல் பேசாமல் இருந்த உன் அம்மா அன்றைக்குப் பேசினாள். "அந்தச் சொல்லை எடுத்தா உங்க கை என்ன கழண்டு விழுந்துடுமா? செப்டம்பர்ல கடையை மூடிட்டு என்ன பண்ணப் போறீங்க? பூங்காவுல உக்காந்து போற வர்ற வண்டியை எண்ணப் போறீங்களா?" நான் ஒரு பழைய பூட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அது நன்றாக இருந்த பூட்டு. இப்போது அதுவும் சரியில்லை.

அந்தக் காகிதத்தை மறுபடி அனுப்புகிறேன். போடு என்று சொல்லவில்லை. போடாவிட்டால் விசாரணையில் கேட்கும்போது, இல்லை என்று சொல்லிவிடுவேன். திரும்பி வா என்றும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் எங்கேயாவது எப்போ வர்றே என்று கேட்டிருக்கிறேனா, பார்த்துக்கொள்.

அப்பா


ஆகஸ்ட் 6

அப்பா,

பார்த்தேன். இல்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள், தெரிந்தால்தானே சொல்ல. மஞ்சள் காகிதத்தைப் பதினாலு நாள் துடைத்ததைப் படித்தபோது பேனா கையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே என்னைப் பூட்டுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறார்கள், ஐந்து வருட ஒப்பந்தம். அதிலும் இதே பேனாவால் இதே நாளில் கையெழுத்துப் போட்டேன். எதை முதலில் போட்டேன் என்று ஞாபகம் இல்லை. அதனால் நான் வரமாட்டேன். வருவேன் என்று நினைத்து நீங்கள் பலகை வைத்தால், தினமும் அதைப் பார்த்துக் கோபப்படப் போவது நீங்கள்தான். இப்போதுகூட எடுத்துவிடலாம். கடைதான் முக்கியம். எனக்கு வருத்தம் இருக்காது. கொஞ்சம் இருக்கும், ஆனால் தாங்கிக்கொள்வேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டுப் பார்த்தால், நீங்கள் அந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்கிறேனா, எடுக்கக் கூடாது என்கிறேனா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. சாப்பிட்டால் தெளியும் என்று சாப்பிட்டேன். தெளியவில்லை.

விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கதை வேண்டாம். இரும்புப்பொடி இல்லாத சட்டை ஒன்று போட்டுக்கொண்டு போங்கள். இடது பக்க அறை.

பிரித்துப் போட்ட பூட்டில் ஸ்பிரிங்கைத் தலைகீழாக வைத்திருப்பீர்கள். எப்போதும் அதைத்தான் செய்வீர்கள்.

மகள்


ஆகஸ்ட் 19

அன்புள்ள மகளுக்கு,

ஸ்பிரிங் தலைகீழாகத்தான் இருந்தது.

விசாரணை முடிந்தது. அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒன்பது அடி, இரண்டு பக்கமும் எழுத்து, இரண்டு வருடத்துக்கு. அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ பதறாமல் படிப்பாய்.

இடது பக்க அறைக்குத்தான் போனேன். உன் அம்மாவும் வந்தாள், துணைக்கு என்று சொன்னாள். அறை வாசலில் நின்று பலகையைப் படித்து, உள்ளே எட்டிப் பார்த்து, நாய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் என்னை உள்ளே விட்டாள். நீல மேசைவிரிப்புக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலைவர், வயதானவர், பொறுமையாகப் பேசுகிறவர். ஓரத்தில் நாலாம் கவுன்டர் அம்மாள் எழுதுவதற்கு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தெரியாத மாதிரி இருந்தார், ஆனால் என் கோப்பை மேலே எடுத்து வைத்தார்.

முதலில் டீச்சர் எழுந்தார். ஜன்னல் வெளிச்சம் மறையும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். தலைவர் பலகை வாசகத்தை உரக்கப் படித்ததும் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணா? எங்க வீட்டுக் கதவுக்குப் பூட்டு மாட்டினது அதுதானே?" என்றார். உன்னைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். அவர் பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டு வெளியே நின்ற அன்றைக்கு நீ வந்து திறந்துவிட்டதையும், அடுப்பில் பால் பொங்குவதற்குள் திறந்ததையும் சொன்னார். எனக்கே தெரியாது அது. பிறகு, பலகையை ஒரு முழம் தள்ளி மாட்டினால் ஆட்சேபம் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு முழம் தள்ளிக்கொள்கிறேன் என்றேன்.

பிறகு தலைவர் என்னைக் கேட்டார், மகள் கடையில் இருக்கிறாரா என்று. இல்லை என்றேன். வருவாரா என்றார். ஐந்து வருஷத்துக்கு வரமாட்டாள், அதற்கப்புறமும் வருவாளா தெரியாது என்றேன். நீ சொன்ன மாதிரி கேட்டதற்கு மட்டும் பதில். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லாதவங்க பேருக்கு எதுக்குங்க மூணடி? அதை எடுத்துட்டா நீங்க இங்க வர்ற அவசியமே இல்லையே. எங்களுக்கும் வேலை மிச்சம்."

பக்கத்திலிருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆகஸ்ட் மாதத்தில் அப்படி என்ன இருக்கிறதோ.

நான் சொன்னேன்: "ஐயா, அந்தத் தெருவுல நாப்பது வீட்டுக் கதவுல அவ மாட்டின பூட்டு இருக்கு. நான் போட்டது பாதிதான் இருக்கும், அதுலயும் பாதியை அவ வந்து சரிபண்ணியிருக்கா. நாளைக்கு ஒண்ணு மக்கர் பண்ணினா, இது யாரு கை வேலைன்னு ஜனங்களுக்குத் தெரியணும் இல்லீங்களா? ஆள் ஊர்ல இல்லைங்கறதுக்காகப் பூட்டெல்லாம் அவளோடதில்லைன்னு ஆயிடுமா?"

கதை வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். இது கதை இல்லை, எண்ணிக்கை. போன வாரம் வீடு வீடாகப் போய் எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒன்றில் ஆள் இல்லை, அதனால் நாற்பது என்றேன்.

நாலாம் கவுன்டர் அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டார். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பேருமாகக் குனிந்து பேசினார்கள். "போட்டுக்கட்டும்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

கடையை விடவில்லை என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பெயின்டர் வெள்ளிக்கிழமை வருகிறார். அதே பெயின்டர்தான். வாசகத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. எழுத்து எந்த வண்ணத்தில் வேண்டும் என்று மட்டும் கேட்டார். நீ சொன்னால் அந்த வண்ணம் அடிக்கச் சொல்கிறேன். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. முடிவு சொல்வதற்கு முன்னால் தலைவர் ஒரு தாளை எடுத்து, கடைசியாக ஒரு கேள்வி, எல்லாரையும் கேட்பது, சட்டப்படி கேட்டாக வேண்டும் என்றார். "இந்தச் சிரமம் உங்களாலயே உண்டானதா?" தானே வரவழைத்துக்கொண்ட சிரமத்துக்கு விதிவிலக்கு கொடுக்கமாட்டார்களாம். ஆமாம் என்றால் அங்கேயே தள்ளுபடி.

"தெருவை ஒருவழியாக்கினது நான் இல்லீங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டார். உன் அம்மா மட்டும் காலண்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. பதில் வாய் வரைக்கும் வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விழுங்கிவிட்டேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன், எழுதினால் படிக்கிறேன் என்று நீதானே சொன்னாய்.

பெயின்டர் ஏணிமேல் நின்ற அன்றைக்குப் பழைய பலகையில் இடம் இருந்தது. கடைப் பெயருக்குக் கீழே, முழுசாக ஒன்றரைச் சாண். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீ கேட்பதற்கு முன்பே, அன்று காலையில், நான் ஏறி அளந்து பார்த்திருந்தேன்.